சத்தத்தைக் குறைத்த கை

சுன்னாகம்,
12.03.2025

ஜெயரூபன் அவர்களுக்கு,

"அன்புள்ள" என்று எழுதத்தான் கை போனது. மறித்துவிட்டேன். சுகமும் விசாரிக்கப் போவதில்லை. நேற்று உங்கள் மைக் வானில் ஸ்பீக்கர் பொக்ஸ் எல்லாம் ஏற்றிக்கொண்டு, யாரோடோ சிரித்துக் கதைத்தபடி நீங்கள் சந்தியால் போனதை அப்பா கண்டிருக்கிறார். சுகமாகத்தான் இருக்கிறீர்கள்.

உங்கள் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டு, இந்தக் காலத்தில் ஏன் கடதாசியில் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். சத்தம் உங்கள் தொழில். கோயில் திருவிழா, செத்தவீட்டு அறிவித்தல், கட்சிக் கூட்டம் என்று ஊர் முழுக்க மைக் கட்டுகிற மனிசனோடு வாய்க்கு வாய் கதைத்து என்னால் வெல்ல முடியாது. கடதாசி அப்படியில்லை. நான் எழுதி முடிக்கும்வரை ஒருவராலும் இதை நிறுத்த முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையில் நிறுத்தினீர்களே, அப்படி.

உங்கள் கையை நான் கண்டேன். மேடைக்கு நேரே உங்கள் மேசை. வாகீசன் மாஸ்டர் பேசி முடிக்கும்வரை எல்லாம் நல்ல தெளிவாகக் கேட்டது. "நான் ஊசிக்கு எதிரானவன் இல்லை. ஆனால் என்ரை உடம்பிலை என்ன ஏறவேணும் எண்டதை நான்தான் தெரிவுசெய்ய வேணும், அரசாங்கம் இல்லை" என்று அவர் சொன்னது துறைமுகத்தில் வலை பிரித்துக்கொண்டு நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். கைதட்டல் அடங்கிய பிறகு நான் மைக்கைப் பிடித்தேன். ஒரு வசனம் சொன்னேன். இரண்டாவது வசனத்துக்கு வாயைத் திறக்க, உங்கள் கை மிக்சருக்குப் போனது. என் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதை யாரோ போனில் எடுத்து, "மனைவியின் வாயை அடைத்த மன்னன்" என்று பெயர் வைத்து முகநூலில் போட்டுவிட்டார்கள். வெறும் வாயை மென்ற ஊருக்கு நீங்கள் அவல் கொடுத்துவிட்டீர்கள்.

நான் அந்த மேடைக்கு அழகு காட்ட ஏறவில்லை. நான் மிட்வைப். வருகிற இருபத்தொன்பதாம் திகதி அதே வாசிகசாலையில், இருபது வயதிலிருந்து முப்பது வயது வரை உள்ளவர்களுக்குச் சின்னமுத்து என்கிற தட்டம்மைக்கு ஊசி போடப் போகிறோம். போர்க்காலத்தில் முகாம் முகாமாக அலைந்ததில், குழந்தையாக இருக்கும்போது போடவேண்டிய ஊசி தவறிப்போனவர்கள் மயிலிட்டியில்தான் அதிகம். நீங்களும் அதில் ஒருவர். மாஸ்டரின் பேச்சைக் கேட்ட பிறகு எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. டியூட்டரியில் உயிரியல் படிப்பிக்கிற மனிதர், ஒரு தொற்று வருத்தம் எப்படிப் பரவும் என்று கரும்பலகையில் கீறிக் காட்டுகிறவர், இப்படிப் பேசுகிறார். அவர் பிரதேச சபைத் தேர்தலில் நிற்கிறார், அவருக்கு வாக்கு வேண்டும்.

உங்களுக்கு என்ன வேண்டும்? ஏன் அப்படிச் செய்தீர்கள்? காரணத்தை எழுதுங்கள். அதுவரை நான் அம்மா வீட்டில்தான்.

நிவேதனா


மயிலிட்டி,
15.03.2025

நிவேதனா,

உம்முடைய கடிதம் கிடைத்தது. போஸ்ட்மன் படலையில் நின்று, "கலியாணம் கட்டின பிறகு மனிசியிட்டையிருந்து கடிதம் வாறது இந்த ஊரிலை உமக்குத்தான் தம்பி" என்று உரத்துச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு நான் மைக் கொடுக்கத் தேவையில்லை.

வயர் கழன்றது, கரண்ட் போனது என்று நான் சாட்டுச் சொல்லப் போவதில்லை. ஓம், நான்தான் குறைத்தேன்.

காரணம் கேட்டீர். நீர் மேடைக்கு ஏற முதல் அந்த ஆள் என்ன சொன்னார்? "நிவேதனா டியூட்டரியிலை என்னட்டை முன்வாங்கிலை இருந்து படிச்சவ. அப்பவே வாதத்திலை என்னை விடமாட்டா." சனம் சிரித்தது, சிரிக்கட்டும். நீரும் சிரித்தீர். சிரித்துவிட்டு மைக்கைப் பிடித்து, "அதுக்கு நான் இப்பவும் ஆயத்தம்" என்றீர். அதுதான் நீர் சொன்ன அந்த ஒரு வசனம். என்னுடைய மைக்கில் சொல்லி, என்னுடைய பொக்ஸால் வந்து, என்னுடைய காதில் விழுந்தது. அடுத்த வசனத்தைக் கேட்க எனக்கு மனமில்லை.

உமக்கு முதன்முதல் பேசி வந்த சம்பந்தம் அவருடையது என்று எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்? சாதகம் மட்டும் பொருந்தியிருந்தால், உங்கள் இரண்டு பேரின் கலியாணத்துக்கும் நான் மைக் கட்டிவிட்டுப் பந்தியில் கடைசியாகச் சாப்பிட்டுப் போயிருப்பேன்.

அதைக்கூட விடலாம். ஒரு மாதமாக அவர் பேப்பரில் எழுத, நீர் பதில் எழுத, அவர் திரும்ப எழுத, நீர் அடுப்படியில் தேங்காய் துருவியபடியே அடுத்த பதிலை முணுமுணுக்கிறீர். அப்போது உம்முடைய முகத்தை நான் பார்த்திருக்கிறேன். கண் மினுங்கும், கன்னம் சிவக்கும். என்னோடு கதைக்கும்போது அந்த முகம் ஒருநாளும் வந்ததில்லை. நான் எதைச் சொன்னாலும் "ஓம்". கறிக்கு உப்புக் கூட என்றாலும் "ஓம்". மழைக்குள் போகாதையும் என்றாலும் "ஓம்". அவருக்கு வாதம், எனக்கு ஓம். எனக்குப் பொறாமையாக இருந்தது. இருந்தது என்ன, இப்போதும் வயிறு எரிகிறது. சண்டை பிடிக்கிறதுக்குக்கூட என்னை விட்டுவிட்டு இன்னொரு ஆளையா தேடுவது?

இன்னும் ஒன்று. அந்த ஆள் சொல்கிற எல்லாம் பிழை என்று நீர் நினைக்கவேண்டாம். நான் முகாமில் பிறந்தவன். எங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஏற்றி இறக்கியபோது விருப்பம் கேட்ட ஆள் இல்லை. வரிசை, பெயர்ப்பதிவு, "எல்லோரும் வரவும்" என்று கேட்டாலே எங்கள் சனத்துக்கு உடம்பு கூசும். அந்தச் சனத்துக்கு முன்னால் போய் ஒருவர் "தெரிவு" என்று சொன்னால் இனிக்காமல் என்ன செய்யும்? எனக்கே இனித்தது. சொன்ன வாயைத்தான் பிடிக்கவில்லை.

வாரும். நேற்று நல்ல விளைமீன் வாங்கினேன். காய்ச்ச ஆளில்லாமல் அம்மாவிடம் கொடுத்தேன்.

ஜெயரூபன்


சுன்னாகம்,
18.03.2025

இஞ்சருங்கோ,

சிரித்தேனாம். சபையில் ஒருவர் பகிடி விட்டால் ஒப்பாரியா வைக்க முடியும்?

நான் ஏன் உங்களோடு சண்டை பிடிப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். விடிய வெளிக்கிட்டால், இரும்புச்சத்துக் குளிசையை வேலிக்குள் எறிகிற பிள்ளைத்தாச்சிகளோடு சண்டை. "எங்கடை காலத்திலை உதெல்லாம் எங்கை" என்கிற மாமிமாரோடு சண்டை. அறிக்கை பிந்திவிட்டது என்று சுகாதாரப் பணிமனையில் சண்டை. ஸ்கூட்டியை வீட்டு முற்றத்தில் நிறுத்தும்போது, இனி ஒரு இடத்திலாவது "ஓம்" என்று சொல்லி ஆறுதலாக இருப்போம் என்று உள்ளே வருகிறேன். அந்த ஓம் நான் உங்களுக்கு மட்டும் வைத்திருந்தது. உங்களுக்கு அது குறைவாகத் தெரிந்தால் சொல்லுங்கள், வாகீசன் மாஸ்டருக்குக் கொடுத்துவிடுகிறேன்.

கட்டாயத்தைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. அதை வாசித்தபோது எனக்குக் கவலையாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் இந்த ஊசியில் கட்டாயம் எங்கே இருக்கிறது? நாங்கள் யாரையாவது பிடித்துக் கட்டிவைத்துக் குத்தப் போகிறோமா? கேட்கப் போகிறோம், வந்தால் போடுவோம், வராவிட்டால் இன்னொரு தரம் போய்க் கேட்போம். மாஸ்டர் இல்லாத பேயை விரட்டிக் கைதட்டு வாங்குகிறார். என் இரண்டாவது வசனம் இதுதான். உங்கள் கை அதை விழுங்கிவிட்டது.

பொறாமைக் கதைக்கு வருகிறேன். நேற்றுச் சந்தையில் வெங்காயம் வாங்கிக்கொண்டு நின்றேன். உங்கள் வான் வந்தது, மாஸ்டருக்கு வாக்குக் கேட்டு. முதலில் உங்கள் குரல்: "அன்பும் பாசமும் நிறைந்த எங்கள் உறவுகளே!" உடனே ஒரு பெண்குரல்: "சிந்திப்பீர்!" நீங்கள்: "தெரிவு செய்வீர்!" அவள்: "உங்கள் உடல்!" நீங்கள்: "உங்கள் உரிமை!" வெங்காயக்காரி தராசைப் பிடித்தபடி, "நல்ல சோடிக் குரல், என்ன பிள்ளை?" என்றாள். நான் வெங்காயத்தை வாங்காமல் வந்துவிட்டேன்.

அது கஜானிதானே? முந்தி ரேடியோவில் இருந்தவள், எங்கள் கலியாணத்துக்கு அறிவிப்புச் செய்ய வந்து, மணவறையில் இருந்த உங்களை "ஜெயா" என்று கூப்பிட்டவள். வானில் முன்சீட்டிலா இருக்கிறாள்? அது என்னுடைய சீட். நீங்கள் என்னை ஒருநாளாவது "அன்பும் பாசமும் நிறைந்த" என்று கூப்பிட்டதுண்டா? ஊருக்கு அள்ளிக் கொடுக்கிறீர்கள்.

காலையில் "ஊசி போட வாருங்கள்" என்று எங்கள் பணிமனைக்காகச் சொல்வதும் அதே வான், அதே குரல். பின்னேரம் "உங்கள் உடல், உங்கள் உரிமை". சனம் எந்த ஜெயரூபனை நம்புவது? எனக்கே தெரியவில்லை.

நிவேதனா


மயிலிட்டி,
21.03.2025

நிவேதா,

உமக்குக் கோபம் வந்துவிட்டது! கடிதத்தை வாசித்து வாசித்துச் சந்தோஷப்பட்டேன். இப்படி ஒரு நாலு வரி எனக்கு எழுதுவதற்கு நீர் வீட்டைவிட்டுப் போகவேண்டியதாகிவிட்டது.

கஜானி இப்போது மட்டக்களப்பில். கலியாணம் கட்டி, கைக்குழந்தையும் இருக்கிறது. அங்கே இருந்து குரலைப் போனில் பதிந்து அனுப்புவாள், நான் இங்கே என் குரலோடு சேர்த்து ஒட்டுவேன். கவனித்துக் கேட்டால் "சிந்திப்பீர்" என்பதற்குப் பின்னால் பிள்ளை அழுகிற சத்தமும் கேட்கும். முன்சீட்டில் இருப்பது அம்ப்ளிபயர். ரோட்டுக் கிடங்கில் விழுந்து எழும்பும்போது ஆடாமல் இருக்க, பெல்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் வந்து பாரும்.

நீர்தான் என்னைப் பார்ப்பதில்லையே. புதன்கிழமை வாய்க்கால் மதவடியில் ஸ்கூட்டியில் என்னைக் கடந்து போனீர். ஹோர்ன் அடித்தேன். கட்சி வான் என்று நினைத்தீரோ, புருசன் வான் என்று நினைத்தீரோ, திரும்பவில்லை.

எனக்குச் சந்தோஷம் நேற்று மத்தியானம் வரைக்கும்தான் இருந்தது. சவரம் செய்ய செல்வரட்ணம் அண்ணையின் சலூனுக்குப் போனேன். கண்ணாடிக்குக் கீழே பேப்பர். "ஊசி: கடமையா, தெரிவா?" என்று முழுப்பக்கம். இடப்பக்கம் அவருடைய படம், வலப்பக்கம் உம்முடையது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கிற மாதிரி. எங்கள் கலியாணப் படத்தில் நீர் கமராவைப் பார்க்கிறீர், நான் உம்மைப் பார்க்கிறேன். இந்தப் படத்தில் என்ன ஒரு பொருத்தம்! செல்வரட்ணம் அண்ணை கத்தியைத் தீட்டியபடி, "ரெண்டும் நல்ல எடுப்பான முகம்" என்றார். அரை முகத்தில் நுரையோடு எழும்பி வந்துவிட்டேன். மிச்சத்தை வீட்டில் வழித்தேன்.

ஆகவே ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இருபத்தொன்பதாம் திகதி நான் ஊசி போட வரமாட்டேன். அந்த அறிவித்தலும் இனிச் செய்யமாட்டேன், பணிமனைக்கும் சொல்லிவிட்டேன். மதவடியில் நிற்கிற பொடியளும், "அண்ணை போடாட்டில் நாங்களும் இல்லை" என்கிறார்கள். நான் ஒருவரையும் மறிக்கவில்லை. அது அவரவர் தெரிவு.

எங்கே, இப்போது என்னோடு வாதாடும் பார்ப்போம்.

ஜெயரூபன்


சுன்னாகம்,
25.03.2025

ஜெயரூபன்,

இது பகிடிக் கடிதம் இல்லை.

உங்களோடு பொக்ஸ் தூக்குகிற டினேஸ் இந்த நாட்களில் வேலைக்கு வரவில்லை. கடலுக்குப் போயிருப்பான் என்று நினைத்திருப்பீர்கள். அவன் வீட்டில்தான் கிடந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அந்த ஒழுங்கையால் போகும்போது படலையில் வேப்பிலை கட்டியிருந்ததைக் கண்டு இறங்கினேன். தாய் வேலிக்கு உள்ளே நின்று, "அம்மாள் வந்திருக்கிறா பிள்ளை, உள்ளுக்கை வரக்கூடாது" என்றார். அம்மாள் வந்த வீட்டுக்கு யாரும் போவதில்லை, அங்கிருந்து ஒன்றும் வாங்குவதில்லை, வருத்தத்தின் பெயரைக்கூட வாயால் சொல்வதில்லை. நானும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவள்தான், வேப்பிலையைக் குறை சொல்லமாட்டேன். அது அயலைத் தள்ளி நிற்க வைக்கிறது. ஆனால் சின்னமுத்து உடம்பில் சிவப்புப் போட முதலே மற்றவர்களுக்குத் தொற்றிவிடும். வேப்பிலை கட்டுகிற நேரத்தில் வருத்தம் ஒழுங்கையைத் தாண்டிவிட்டது.

வேலிக்கு வெளியே நின்றே தாயிடம் கேட்டேன், மூச்சு எப்படி என்று. "இழுக்குது பிள்ளை" என்றார். கெஞ்சி அழுதுதான் அம்புலன்சில் ஏற்றினேன். நெஞ்சில் சளி கட்டி, நியூமோனியா. இப்போது பெரியாஸ்பத்திரியில் ஒட்சிசனில் இருக்கிறான். இன்னும் ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார்கள்.

அவனும் உங்களைப் போல முகாமில் பிறந்தவன். இந்த மாதத் தொடக்கத்தில் அவனை வழியில் கண்டு, "ஊசிக்கு வருவியோ தம்பி?" என்று கேட்டேன். "அண்ணை வந்தால் வாறன் அக்கா" என்றான். அண்ணை என்றது உங்களைத்தான்.

அவனுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளைத்தாச்சி இருக்கிறாள், தலைப்பிள்ளை. அவளும் முகாமில் பிறந்தவள்தான், ஆனால் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளுக்கு இந்த ஊசியைப் போடக்கூடாது. தெரிவு, தெரிவு என்று எல்லோரும் கதைக்கிறீர்களே, அவளுக்கு எங்கே தெரிவு? அவளுக்கு வருத்தம் வருமா வராதா என்பது அவளைச் சுற்றி இருக்கிற உங்களுடைய கைகளில்தான் இருக்கிறது. அன்றைக்கு மூன்றாவதாக இதைத்தான் சொல்ல வைத்திருந்தேன்.

நீங்கள் என்மேல் கோபப்படலாம். பொறாமைப்படலாம், உண்மையைச் சொன்னால் அதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு. ஆனால் உங்கள் பொறாமைக்கு அந்தப் பிள்ளைத்தாச்சி நோயில் விழக் கூடாது. என்னோடு வாதாடும் என்று எழுதியிருந்தீர்கள். நான் வாதாடவில்லை, கேட்கிறேன். வாருங்கள்.

நிவேதனா


மயிலிட்டி,
30.03.2025

நிவேதா,

உம்முடைய கடிதம் வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று கை காட்டினேன். முகமூடியோடு படுத்திருந்தவன் கண்டுவிட்டு, தூக்க முடியாத கையைத் தூக்கிக் காட்டினான். ஒரு பெரிய பொக்ஸைத் தனியாகத் தோளில் வைக்கிறவன்.

மறுநாள் வாகீசன் மாஸ்டரிடம் போய், "இனி உங்களுக்கு நான் மைக் கட்டேல்லை" என்றேன். "அது உங்கடை தெரிவு, ஜெயரூபன்" என்றார். கோதாரி, அதிலும் அந்த ஆள்தான் வென்றார்.

பிறகு வானை எடுத்தேன். பணிமனை எழுதித் தந்த அறிவித்தலை வைத்துவிட்டு என் வாயில் வந்ததைச் சொன்னேன். "நான் ஜெயரூபன் கதைக்கிறன். செத்தவீட்டு அறிவித்தல் இல்லை, பயப்பிடாதையுங்கோ. நான் முகாமிலை பிறந்தனான். எனக்கு ஊசி போட்டதோ இல்லையோ எண்டு அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. எங்கடை டினேஸ் ஆஸ்பத்திரியிலை கிடக்கிறான். சனிக்கிழமை நான் போடப் போறன். ஒருதரும் உங்களைப் பிடிச்சுக்கொண்டு போகப் போறேல்லை. எங்கடை ஒழுங்கையளிலை பிள்ளைத்தாச்சியள் இருக்கினம், அவைக்கு இந்த ஊசி போடேலாது. அவைக்காக நாங்கள் போடுவம். வாறதெண்டால் வாங்கோ." உம்முடைய இரண்டாவது வசனமும் மூன்றாவது வசனமும் ஒழுங்கை ஒழுங்கையாகப் போயின. சத்தத்தைக் கூட்டித்தான் வைத்தேன்.

நேற்று வந்த சனத்தை நீர் கண்டீர். மதவடி வெறிச்சோடிப் போய்க் கிடந்தது. அதைப்பற்றி எழுத இந்தக் கடிதம் இல்லை.

வரிசையில் எனக்கு முன்னால் வாகீசன் மாஸ்டர். முப்பது முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறதாம். படம் பிடிக்க ஆளோடு வந்து, "இது என் சொந்தத் தெரிவு" என்று போனுக்கு முன்னால் ஒரு பேச்சும் பேசினார். பேசட்டும். நான் பார்த்துக்கொண்டு நின்றது உம்முடைய கையை. அவருடைய சேர்ட் கையை மேலே மடித்துவிட்டீர். பஞ்சால் துடைத்தீர். கையைப் பிடித்தீர். ஊசி போனதே அந்த ஆளுக்குத் தெரியவில்லை. "முடிஞ்சுதோ?" என்று கேட்டார். நீர் "ஓம்" என்றீர்.

அந்த ஓம் என்னுடையது. எனக்கு மட்டும் வைத்திருந்தது என்று எழுதியவர் நீர்தான்.

பிறகு என்னுடைய முறை. நீர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "பெயர்?" என்று கேட்டீர். கட்டின புருசனிடம் பெயர் கேட்ட மிட்வைப் உலகத்திலேயே நீர் ஒருவர்தான் இருக்கும். ஜெயரூபன் என்று சொன்னேன், எனக்குப் பின்னால் நின்ற பொடியள் சிரித்தார்கள். குத்தினீர். நொந்தது. சும்மா நோவில்லை, தூண்டில் முள் ஏறின நோ. இன்றைக்கும் கையைத் தூக்க முடியவில்லை. மாஸ்டருக்குத் தெரியாமல் போகிற ஊசி எனக்கு மட்டும் ஏன் இப்படி நொந்தது? அதே மருந்து, அதே ஊசி, அதே கை.

காரணத்தை எழுதும்.

ஜெயரூபன்


சுன்னாகம்,
02.04.2025

அன்பும் பாசமும் நிறைந்த ஜெயரூபனுக்கு,

முதலில் நல்ல செய்தி. டினேஸுக்கு நேற்று ஒட்சிசனை எடுத்துவிட்டார்கள். தாயிடம் மீன்குழம்பு கேட்டானாம். அம்மாள் போய்த் தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை மச்சம் கிடையாது என்று தாய் சொல்ல, கோபித்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டானாம். இனிப் பயமில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் இன்று பார்த்தேன், காய்ச்சல் ஒன்றும் இல்லை. இன்னும் சில நாள் பார்க்கவேண்டும்.

உங்கள் அறிவித்தலை நான் கேட்டேன். பிள்ளைக்கு நிறை பார்த்துக்கொண்டிருந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் வான் போனது. தராசில் எத்தனை கிலோ என்று பார்க்க மறந்து, திரும்பவும் தூக்கி வைத்துப் பார்த்தேன். அந்த வீட்டுக்காரி, "உங்கடை அவர் நல்லாக் கதைக்கிறார்" என்றாள். நான் "ஓம்" என்றேன். அதையும் உங்கள் கணக்கில் சேருங்கள்.

பெயர் கேட்டது, எல்லோரிடமும் கேட்டு எழுதவேண்டும் என்பதால். இல்லை, அது பொய். எனக்கு வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

ஏன் நொந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் படித்து முடித்து வந்த நாளிலிருந்து ஊசி போடுகிறேன். பிறந்து கண் திறக்காத பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறேன், ஊசியைக் கண்டு ஓடுகிற மீசைக்காரருக்கும் போட்டிருக்கிறேன். ஒருவரும் நொந்தது என்று சொன்னதில்லை. வாகீசன் மாஸ்டருடைய கை எனக்கு அந்தக் கைகளில் ஒரு கை. உங்கள் கையைப் பிடித்ததும் என் கை நடுங்கிவிட்டது. அவருக்கு நடுங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கிளினிக் முடிய வாருங்கள். வர முதல், முன்சீட்டில் கட்டியிருக்கிற அம்ப்ளிபயரை அவிழ்த்துப் பின்னுக்கு வையுங்கள்.

நிவேதா